ஊசி நாளுக்கு ஒரு 12 பக்கப் படக்கதை: குழந்தைக்கு வலியைச் சொல்லிக் கொடுக்கும் புத்தகத்தை வீட்டிலேயே செய்வது எப்படி

தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 5 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான) இரண்டாம் ஊக்க ஊசி வரும். கைக்குழந்தையாக இருந்தபோது போட்டதெல்லாம் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. இது ஞாபகம் இருக்கும். அந்த ஊசிக்கு முன்னால் நாமே வரைந்து படித்துக் காட்டும் ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றியதுதான் இந்த வழிகாட்டி.

என் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு செய்தேன். அப்புறம் அக்கம்பக்கத்துப் பெற்றோர்களோடும் அங்கன்வாடி ஆசிரியைகளோடும் உட்கார்ந்து நிறைய செய்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெரிய தடுக்கல் முதலிலேயே: பிள்ளை அழாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துப் புத்தகம் செய்வது. வேண்டாம். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்ற மூன்றையும் பிள்ளை சொல்ல வேண்டும். வலிக்கும்போது செய்ய அதன் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அழுதுகொண்டே சொன்னாலும் சரிதான்.

1. ஒரு புத்தகத்துக்கு ஒரு வலி

ஊசி, பல்வலி, வயிற்றுவலி, விழுந்த காயம் எல்லாவற்றையும் ஒரே கதையில் அடைக்காதீர்கள். 5 வயதுப் பிள்ளை கதையில் வருவதைத் தனக்கு நடக்கப்போவதாக எடுத்துக்கொள்ளும். ஊசிக்காகப் படித்த கதையில் போகிற போக்கில் பல் பிடுங்குவதும் வந்தால், சுகாதார நிலையத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்று நிற்கும்.

2. வரைவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை

பேனாவை எடுப்பதற்கு முன் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள், அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் போனில் கேளுங்கள். எந்தக் கிழமை (தமிழ்நாட்டில் பொதுவாகப் புதன்), எந்தக் கை, யார் போடுவார், எங்கே உட்காரச் சொல்வார்கள், சுவரில் என்ன நிறம். தொடையில் குத்துவதாக வரைந்துவிட்டு அங்கே போனதும் சட்டைக் கையை மடக்கச் சொன்னால், "நீ சொன்னது பொய்" என்று அந்த நொடியிலேயே புத்தகம் செத்துவிடும். இந்த வயதுக்கு மேல்கையில்தான் போடுவார்கள், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். அன்று இரவோ மறுநாளோ கை வலிக்கலாம், வீங்கலாம், காய்ச்சல் வரலாம். இதுவும் கதைக்குள் வர வேண்டும் என்பதால் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவரிடம் போகிறவர்கள், தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு தடவலாமா என்றும் கேட்கலாம். அதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டியிருக்கும் என்பதால் கதையின் வரிசை மாறும்.

பொருட்கள் அதிகமில்லை: மூன்று ஏ4 தாள், பென்சில், கிரேயான், தைக்க ஊசிநூல். ஸ்டேப்ளர் வேண்டாம். பின் முனை விரலைக் கீறினால் வலியைப் பற்றிய புத்தகமே வலி கொடுத்ததாக ஆகிவிடும். எனக்கு ஒருமுறை ஆனது.

3. பிள்ளையின் வலிச் சொற்களைச் சேகரியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நான் அதிக நேரம் செலவு செய்வதும் இதில்தான்.

"வலிக்குது" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளையால் ஒன்றும் சொல்ல முடியாது. நம் பேச்சிலோ வலிக்கு ஒரு பெட்டி நிறையச் சொற்கள் இருக்கின்றன. முள் குத்தினால் சுருக்கென்று இருக்கும். சிராய்ப்பு எரியும், காந்தும். தலை விண்விண் என்று தெறிக்கும். வயிறு பிசையும், சுருட்டிப் பிடிக்கும். சொத்தைப் பல் குடையும். ஓடி விளையாடிய கால் உளையும், கடுக்கும். சப்பணம் போட்டு உட்கார்ந்தால் மரத்துப்போய் மதமதக்கும். டாக்டர் கேட்கும் "எப்படி வலிக்குது"க்கு இவைதான் பதில். வயிறு பிசைவதும் வயிறு எரிவதும் அவருக்கு ஒன்றல்ல.

ஒரு வாரம் கவனியுங்கள். பிள்ளை விழும்போதும், சூடான பாலில் நாக்கைச் சுட்டுக்கொள்ளும்போதும், சீப்பு முடியை இழுக்கும்போதும் அதுவாக என்ன சொல்கிறது என்று குறித்து வையுங்கள். என் அண்ணன் மகன் கால் மரத்துப்போனதை "காலுக்குள்ள சோடா" என்றான். அப்படி ஒரு சொல் கிடைத்தால் விடாதீர்கள், அதை அப்படியே புத்தகத்தில் போடுங்கள். பாட்டி வீட்டுச் சொல் வேறாக இருந்தால் அதையும் சேருங்கள். "நோவுது" என்று சொல்லும் வீட்டில் "வலிக்கிறது" என்று அச்சுத் தமிழில் எழுதினால் கதை அந்நியமாகிவிடும்.

உடம்பு உறுப்புகளின் பெயர்களும் இதே பட்டியலில் வர வேண்டும், அந்தரங்க உறுப்புகள் உட்பட. அங்கே வலித்தால் சொல்லத் தெரியாத பிள்ளை சொல்லாமலே இருந்துவிடும்.

4. ஒரே ஓர் உவமை

வலியைப் பேயாகவோ அரக்கனாகவோ வரையாதீர்கள். வில்லனாக வரைந்தால் கடைசிப் பக்கத்தில் அவன் தோற்றாக வேண்டும். நிஜத்தில் ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்தும் கை வலிக்கும்போது, வில்லன் ஜெயித்துவிட்டான் என்று பிள்ளை முடிவு கட்டும்.

நான் எடுப்பது தெரு நாய். பெயர் மணி. திருடன் வந்தால் குரைக்கும், தபால்காரர் வந்தாலும் குரைக்கும், சில ராத்திரி காய்ந்த ஓலை விழுந்ததற்கும் குரைக்கும். மூன்றிலும் குரைப்பு நிஜம். திருடன் வந்தது ஒரு தடவைதான். வலியும் அப்படித்தான்: உடம்பில் என்னவோ நடக்கிறது, வந்து பார் என்று கூப்பிடும் சத்தம். சத்தம் பெரிதாக இருப்பதால் ஆபத்தும் பெரிது என்று அர்த்தமில்லை. ஆபத்து இல்லை என்பதால் சத்தமே கேட்கவில்லை என்றும் ஆகாது.

"மணி குரைக்காமலே இருந்தா நல்லாருக்குமே?" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வலியே தெரியாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அரிதாக. தன் நாக்கைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். எலும்பு முறிந்தும் நடக்கும். "மணி குரைக்கலைன்னா திருடன் வந்தது நமக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

எச்சரிக்கை: நாய்க்குப் பயப்படும் பிள்ளைக்கு இது ஆகாது. நாய்க்கடி ஊசிக்குப் போய்வந்த ஒரு பிள்ளைக்கு யோசிக்காமல் மணியை வரைந்து கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு போதும். அப்படிப்பட்ட வீட்டில் குக்கர் விசில் நன்றாகவே வேலை செய்யும்.

5. முதலில் மடியுங்கள், பிறகு வரையுங்கள்

மூன்று தாளையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் குறுக்கே மடித்து, நடு மடிப்பில் மூன்று தையல் போட்டு, 1 முதல் 12 வரை பென்சிலால் எண் எழுதுங்கள். தனித்தனியாக வரைந்துவிட்டுக் கடைசியில் மடித்தால் 2-ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் 11 வந்து நிற்கும். பாதிப் பேர் முதல் புத்தகத்தை வீணாக்குவது இப்படித்தான்.

இனி பக்கங்கள். கதாநாயகிக்கு உங்கள் பிள்ளையின் பெயரை வைக்க வேண்டாம். வேறு ஒரு பிள்ளையின் கதை என்றால் கேள்வி கேட்கத் தைரியம் வரும். இங்கே மீனு என்று வைத்துக்கொள்வோம்.

பக்கம் 1, அட்டை: மீனுவும் மணியும். ஊசி இங்கே வரக் கூடாது.

பக்கம் 2, 3: மீனு ஓடி விழுகிறாள். "சுருக்!" என்று ஒரு பக்கம், "எரியுது… எரியுது…" என்று மறு பக்கம். தெரிந்த வலியில் தொடங்கினால்தான் தெரியாத வலிக்குக் கூட்டிப்போக முடியும். இரண்டு பக்கமாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகளில் வேகமானவை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும், மெதுவானவை 2 மீட்டரைத் தாண்டாது. அதனால்தான் முதலில் சுருக்கென்று ஒரு குத்து, பின்னாலேயே எரிச்சல். பிள்ளைக்கு இந்த எண்கள் வேண்டாம், ஆனால் இரண்டு தடவை வருவது அதற்கு ஏற்கெனவே தெரியும். அம்மா காயத்துக்குப் பக்கத்தில் தேய்த்துவிடுவதையும் இங்கேயே வரையுங்கள். தொடுகையின் சேதி வலியின் சேதியைத் தண்டுவடத்திலேயே ஓரளவு மறிக்கும் என்று வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் விளக்கினார்கள். நம் வீட்டில் அதை யாரும் விளக்காமலே செய்துகொண்டிருந்தோம்.

பக்கம் 4: மணி யாரைப் பார்த்தாலும் குரைக்கிறது.

பக்கம் 5: நர்ஸ் அக்கா தெருவில் வருகிறார். மணி குரைக்கிறது. "அக்கா திருடி இல்லையே, ஏன் குரைக்கிற?" "எனக்கு அவங்களைத் தெரியாதே!"

பக்கம் 6, 7: சுகாதார நிலையம். பெஞ்சு, வரிசை, ஃபேன். வரிசையில் ஒரு பிள்ளை அழுகிறான், ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தன் அம்மா முந்தானைக்குள் ஒளிந்திருக்கிறான். அழும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அங்கே போனதும் முதலில் காதில் விழப்போவது அந்தச் சத்தம்தான்.

பக்கம் 8: மீனு அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து காகிதக் காற்றாடியை ஊதுகிறாள்.

பக்கம் 9: "சுருக்!" மணி: "லொள்!" குத்துவதும் ஊதுவதும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பது தற்செயல் அல்ல. ஊசியைப் பார்க்கும் கண்ணுக்கு, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். இதைத் தாள் திருப்பி அடுத்த பக்கத்தில் ஒளித்து வைத்தால், திடுக்கிடத்தான் பழக்குகிறோம்.

பக்கம் 10: அரை மணி நேரம் காத்திருத்தல். மீனு வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எண்ணுகிறாள்.

பக்கம் 11: ராத்திரி. கை கனக்கிறது, கடுக்கிறது. மணி வாசலில் படுத்துக்கொண்டு "உர்ர்ர்" என்கிறது. வீட்டில் செய்யப்படும் புத்தகங்களில் முக்கால்வாசியில் இந்தப் பக்கம் இருக்காது. ஊசி முடிந்ததும் மிட்டாய், சுபம். பிள்ளை ராத்திரி கையைத் தூக்க முடியாமல் விழிக்கும்போது, கதை அதைக் கைவிட்டுவிடுகிறது.

பக்கம் 12: எழுத்து வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு மனித உருவக் கோடுகள் மட்டும்.

6. படத்தில் செய்யும் தவறுகள்

ஊசியைப் பெரிதாக வரைவது முதல் தவறு. கையோடு ஒப்பிட்டு நிஜ அளவில் வரையுங்கள். அதற்காக ஊசியே இல்லாமல் மறைக்கவும் வேண்டாம், மறைத்தால் அது கற்பனையில் வளரும். ரத்தம் வேண்டுமானால் ஒரு பொட்டு.

இரண்டாவது, மீனுவின் முகம். 9-ஆம் பக்கத்தில் அவள் சிரிக்கக் கூடாது. வலிக்கும்போது சிரிக்கும் முகத்தைப் பார்த்தால், வலித்தாலும் காட்டக் கூடாது போலிருக்கிறது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். புருவம் சுருங்கி, கண் இறுகி, வாய் ஊதும் நிலையில் இருக்கட்டும். வரையத் தெரியாது என்று தயங்காதீர்கள். குச்சி மனிதனே போதும், புருவம் மட்டும் சரியாக இருந்தால்.

படம் முடிந்த பிறகு எழுத்தை எழுதுங்கள். முன்பே எழுதினால் படம் சொல்வதையே எழுத்தும் சொல்லும். பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் போனால் ஒன்றை அடித்துவிடுங்கள்.

7. "எவ்வளவு" என்பதற்கு ஒரு கருவி

5 வயதில் "பத்துக்கு எத்தனை?" என்றால் பிடித்த எண்ணைச் சொல்லும். நான்கு பாட்டில் மூடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று என்றால் கொஞ்சூண்டு வலி, நான்கும் என்றால் இருக்கிறதிலேயே பெரிய வலி. பிள்ளையே எடுத்து வைக்கட்டும். மருத்துவமனைகளில் போக்கர் சீட்டாட்டத்தின் வட்ட வில்லைகள் நான்கை வைத்துச் செய்ததன் வீட்டு வடிவம் இது.

முகங்களை வரைவதாக இருந்தால் ஒரு நுணுக்கம். கடைகளில் பார்க்கும் வலி அட்டைகள் சில சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும். அதில் சிக்கல்: கண்ணீர் வராத பிள்ளை எவ்வளவு வலித்தாலும் கடைசி முகத்தைத் தொடாது, பயத்தில் அழும் பிள்ளை வலிக்காமலே அதைத் தொடும். 2001-இல் வெளியான திருத்தப்பட்ட முக அளவுகோலில் இதற்காகவே சிரிப்பும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. சும்மா இருக்கும் முகத்தில் தொடங்கி வலி கூடக்கூட இறுகும் ஆறு முகங்கள், 4 வயதிலிருந்து பயன்படும். அதைப் பின்பற்றி வரையுங்கள். "எந்த மூஞ்சி சோகமா இருக்கு?" என்று கேட்காமல், "உனக்கு உள்ள எவ்வளவு வலிக்குதோ அந்த மூஞ்சியைக் காட்டு" என்று கேளுங்கள்.

12-ஆம் பக்க உருவத்துக்கும் இதே கதைதான். வலிக்கும் இடத்தில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள், ஆனால் பெரிய வலிக்கு எந்த நிறம் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். சிவப்புதான் என்று நாம் நினைப்போம். கறுப்பைத் தேர்ந்தெடுத்த பிள்ளையையும் பச்சையைத் தேர்ந்தெடுத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன்.

8. புத்தகத்திலும் வாயிலும் வரக் கூடாதவை

"வலிக்கவே வலிக்காது." ஒரு நொடியில் உடையும் பொய். அடுத்த ஊசிக்கு உங்கள் பேச்சு எடுபடாது.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான்." கட்டெறும்பிடம் கடி வாங்கிய பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

"அம்மா பேச்சைக் கேக்காம ஓடினா, அதான் விழுந்தா." நம் கதை சொல்லும் பழக்கத்தில் இது தானாக வந்து விழும். இந்த வயதில் பிள்ளைகள் வலியைத் தண்டனை என்று எளிதாக நம்பிவிடும். அப்புறம் வலித்தால் மறைக்கும், ஏனென்றால் சொன்னால் தப்பு செய்தது தெரிந்துவிடுமே. மீனு சும்மா விழட்டும். சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டும் வீட்டில் எந்தப் புத்தகமும் பலிக்காது. விழுந்த பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தரையை அடிப்பதையும் நான் ரசிப்பதில்லை, ஆனால் அதை என் அம்மாவிடம் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" இதற்கு விளக்கம் தேவையில்லை.

இவற்றுக்குப் பதிலாக எழுத வேண்டியது: "சில பேருக்குச் சுருக்குனு இருக்கும், சில பேருக்கு அமுக்குற மாதிரி இருக்கும். உனக்கு எப்படி இருந்துச்சுன்னு அப்புறமா எனக்குச் சொல்லு." இதில் பொய்யில்லை. பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடைக்கிறது, பார்த்துவந்து சொல்லும் வேலை.

9. எப்போது படிப்பது

மூன்று நாள் முன்னால் ஆரம்பித்தால் போதும். இரண்டு வாரம் முன்பே படித்தால் இரண்டு வாரமும் பயம். கிளம்பும் காலையில் படித்தால் கேள்வி கேட்கவும் அழுது தீர்க்கவும் நேரமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள், தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

முதல் தடவை நீங்கள் படியுங்கள். இரண்டாம் தடவை படத்தை மட்டும் காட்டிப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். அது கதையைத் திரித்துச் சொல்லும் இடத்தில்தான் புரியாதது இருக்கிறது. ஒரு பெண் 9-ஆம் பக்கத்தில் "ஊசி கைக்குள்ளயே இருக்கும்" என்றாள். போட்டதும் எடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் யாருமே வரையவில்லை! அன்றிலிருந்து 10-ஆம் பக்கத்தில் ஊசி குப்பைப் பெட்டிக்குப் போவதையும் ஒரு மூலையில் வரைகிறேன்.

மூன்றாம் தடவை நடித்துப் பாருங்கள். பொம்மைக்குப் பிள்ளை ஊசி போடட்டும், நீங்கள் காற்றாடி ஊதுங்கள்.

10. ஊசி நாளில்

காற்றாடியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைத்து அமுக்கிப் பிடித்தால் பயம் கூடும். குத்தும் நொடியில் "இதோ வலிக்கப் போகுது" என்று அறிவிக்காமல் "ஊது" என்று மட்டும் சொல்லுங்கள். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இதை ஒட்டியதே: நிமிர்ந்து உட்காருதல், பெற்றவர் கூட இருத்தல், கவனத்தைத் திருப்புதல், சாதாரணமான சொற்கள். குத்திய இடத்தைத் தேய்ப்பதையும், முன்கூட்டியே வலி மாத்திரை கொடுப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை. 3-ஆம் பக்கத்தில் முழங்காலைத் தேய்த்தோமே என்று பிள்ளை கேட்டால், "அது விழுந்ததுக்கு, இங்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் செவிலியர் சொன்ன மருந்து, சொன்ன அளவு.

11. அன்று இரவும் மறுநாளும்

11-ஆம் பக்கத்தைத் திறந்து வைத்து, "மீனுவுக்குக் கடுத்துச்சு, உனக்கு?" என்று கேளுங்கள். மூடிகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை மறுபடி. நான்கு மூடி இரண்டாகக் குறைவதைப் பிள்ளையே பார்க்கும்.

பேசாத பிள்ளைகளும் இருப்பார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் தந்த வலி என்பதன் வரையறையை 2020-இல் திருத்தியபோது, சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது என்று குறிப்பிலேயே எழுதியது. சாப்பிடாமல் இருப்பது, விளையாடாமல் இருப்பது, ஒரு கையைத் தூக்காமல் இருப்பது எல்லாம் பதில்தான்.

12. புத்தகத்தால் ஆகாத வேலைகள்

அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு இதே மணியை வைத்து வேறு கதை செய்யலாம், ஓலை விழுந்ததற்குக் குரைத்த ராத்திரியின் கதை. ஆனால் டாக்டர் பார்த்து, திருடன் இல்லை என்று சொன்ன பிறகு மட்டும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நொண்டி நடப்பது, வாந்தியோடு வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, எடை குறைவது — இதில் எது இருந்தாலும் கதையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 12-ஆம் பக்க உருவத்தில் பிள்ளை அந்தரங்க இடத்தில் வண்ணம் தீட்டினால் அதட்டாமல், துருவித் துருவிக் கேட்காமல், சொல்வதைக் கேட்டுக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். யாராவது காயப்படுத்தியிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஊசி முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 10 வயதில் டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான) ஊசி வரும். அப்போது மூன்று வெற்றுத் தாளையும் ஊசிநூலையும் பிள்ளையிடமே கொடுத்து, தம்பிக்கோ பக்கத்து வீட்டுக் குட்டிக்கோ ஒரு புத்தகம் செய்யச் சொல்லுங்கள். முதலில் மடித்து எண் போடச் சொல்ல மறக்க வேண்டாம்.